பக்கத்து வீட்டு ஒட்டடை

தேன்சிட்டைப் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டுமென்றால் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். அழகான சின்னப் பறவை, பூவுக்குப் பூ தாவும், வளைந்த அலகை உள்ளே விட்டுத் தேன் குடிக்கும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். லோதி ரோட்டில் எங்கள் அரசுக் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்கிறேன். டெல்லியிலேயே பிறந்த பிள்ளைகள். வாயைத் திறந்தால் பாதி இந்திதான் வரும். அவர்களைத் தமிழில் நாலு வார்த்தை பேச வைக்க இந்தப் பறவையைப் பிடித்துக்கொண்டேன். அது என் வீட்டு பால்கனிக்கே வந்து குடியேறும் என்று தெரிந்திருந்தால் பேசாமல் காக்காயைப் பற்றிச் சொல்லிக்கொடுத்திருப்பேன்.

எனக்கு அழுக்கு ஆகாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் மத்தியானம் விரலால் கோலம் போடலாம், அப்படிப்பட்ட ஊர் இது. இருந்தாலும் தினமும் துடைப்பேன். ஒட்டடைக் கம்பைக் கையில் எடுத்தேன் என்றால் வீடு முழுக்க ஒரு சுற்று வராமல் கீழே வைக்க மாட்டேன். என் கணவர் அதை வியாதி என்பார். சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் வைப்பதற்கு என்ன பெயர் என்று கேட்டால் எழுந்து போய்விடுவார்.

மார்ச் மாதம். துணி காயப்போடும் கம்பியில், எங்கள் பால்கனி மூலையில், பழைய கிளிப் ஒன்று துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஏதோ ஒரு நூலாம்படை தொங்கியது. கையால் வழித்துப் போட்டேன். மறுநாளும் தொங்கியது. அதையும் வழித்தேன். மூன்றாவது முறை கையை ஓங்கியபோது என் மகள் ஓடிவந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எட்டு வயது அவளுக்கு. "அம்மா, மத் கரோ, வேண்டாம். சிடியா, குருவி வீடு கட்டுது," என்றாள்.

வீடாம். அந்தக் கண்றாவியை நான் முழுதாகப் பார்த்தேன். கட்டியது பெட்டை. முதுகு மங்கிய பழுப்பு, வயிறு வெளிறிய மஞ்சள், என் கட்டை விரலை விடக் கொஞ்சம் பெரிது. எங்கிருந்தோ ஒட்டடையை அலகில் சுற்றிக்கொண்டு வரும். அதைப் பசை மாதிரி அப்பி, அதன்மேல் காய்ந்த பட்டை, இலவம்பஞ்சு, கிழிந்த காகிதம் என்று கண்டதையும் ஒட்டும். நான் தலைவாரிக் குப்பையில் போட்ட முடியைக்கூட விட்டுவைக்கவில்லை. என் முடி என் கண்ணெதிரே காற்றில் ஆடுகிறது. ஒருநாள் கூட்டின் வெளிப்பக்கம் முழுக்கக் கடுகு கடுகாக ஏதோ பதித்திருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் புழு போட்ட எச்சம். அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து வாசலைச் சுற்றி ஒட்டியிருக்கிறது! அன்றைக்கு எனக்குக் காலைச் சாப்பாடு இறங்கவில்லை.

தூரத்திலிருந்து பார்த்தால் அது கூடு என்றே தெரியாது, குப்பை மாட்டிக்கொண்டு தொங்குவது போலத்தான் இருக்கும். காக்காய் ஏமாற வேண்டும் என்றுதான் அப்படிக் கட்டுகிறதாம். ஏமாறட்டும். ஆனால் வீட்டுக்கு வந்தவர்களும் ஏமாந்துபோய், பால்கனியில் என்ன இப்படிக் குப்பை தொங்குகிறது என்று என்னைக் கேட்டார்கள். என்னை!

சேவல் இருக்கிறதே, அது ஒரு துரும்பைக்கூடக் கொண்டுவந்து போடவில்லை. கருநீலத்தில் பளபளவென்று மினுக்கிக்கொண்டு எதிர் மரத்தில் உட்கார்ந்து பாட்டு பாடும். பாட்டு அலுத்தால் கீழே நிற்கும் எங்கள் ஸ்கூட்டரின் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, வேறு சேவல் வந்துவிட்டது என்று கொத்திக்கொண்டு சண்டை போடும். சண்டை முடிந்ததும் கண்ணாடி முழுக்க எச்சம். ஆம்பிளைக்கு எல்லா இடத்திலும் இதே சொகுசுதான் என்று என் கணவர் காதில் விழும்படிச் சொன்னேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எரிச்சல் தாங்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தேன் மட்டும் குடித்து உயிர் வாழ்கிற பறவை என்று நினைக்காதீர்கள், அது சிலந்தி தின்னும், கொசு தின்னும், குஞ்சுக்குப் புழுவைத்தான் ஊட்டும் என்றேன். பூவின் வாய் நீளமாக இருந்து அலகு எட்டவில்லையென்றால் அடியில் ஓட்டை போட்டுத் திருடும். நாக்கு குழல் மாதிரி இருக்கும். குஞ்சு பின்பக்கத்தைத் தூக்கினால் எச்சம் ஒரு பை மாதிரி வெளியே வரும், அதைத் தாய் அலகால் வாங்கிக்கொண்டு போய் எங்கேயாவது தள்ளிப் போட்டுவிட்டு வரும். பிள்ளைகள் "ச்சீ" என்று கத்தினார்கள். கத்திவிட்டு இன்னும் சொல்லுங்கள் என்றார்கள். வருஷம் முழுக்க வாய் திறக்காத ஒரு பெண், அந்தப் பை கிழியாதா என்று சுத்தமான தமிழில் கேட்டாள்.

முட்டை வைத்தது. தாய் உள்ளே உட்கார்ந்தால் வாசலில் அலகு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் ஜன்னலுக்கு ஓடுவாள். குஞ்சு பறப்பதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். அந்தக் கோடையில் அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. நான் துணியை எல்லாம் உள் அறையில் கொடி கட்டிக் காயப்போட்டேன். ஈரத் துணி வாடையில் படுத்து எழுந்தோம்.

இப்போது பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பால்கனிக்கும் அவர் பால்கனிக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். துணிக் கம்பி ஒன்றே இரண்டு வீட்டுக்கும் ஓடும். பழனிப் பக்கத்துக்காரர், அமைச்சகத்தில் வேலை, ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. மனைவி பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஊருக்குப் போய் ரொம்ப நாளாகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் துடைப்பம் பட்டதாகத் தெரியவில்லை. கதவைத் திறந்தால் ஊறிப்போன வெங்காயத் தோல் வாடை வரும். நான் திருநெல்வேலிக்காரி, வாய்ப்பழக்கத்தில் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னை அம்மிணி என்பார். நல்ல மனுஷன்தான், ஆனால் அந்த வீட்டுக்குள் நான் கால் வைத்ததில்லை.

பங்குனி உத்திரத்துக்குப் பழனி போய்விட்டு வந்தவர் பஞ்சாமிர்த டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். கூட்டைப் பார்த்தார். என் மகள் அவருக்கு எல்லாவற்றையும் இந்தியும் தமிழுமாக விளக்கினாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

குஞ்சு பொரித்த சமயத்தில் நொய்டாவில் கணவரின் அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழா. போய் இரண்டு நாள் தங்கித்தான் ஆக வேண்டும். கிளம்பும்போது என் மகள் பால்கனிக் கதவில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தாள். இரண்டு வாய் மட்டும் கூட்டு வாசலில் மஞ்சளாகத் திறந்து திறந்து மூடியது. திரும்பி வந்ததும் பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டு போனேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் ஒரு நாற்றம் அடித்தது. புளித்த வாழைப்பழ நாற்றம். பால்கனிக்குப் போனேன். கம்பியில் அவர் பக்க மூலையில் ஒரு கொட்டாங்குச்சி தொங்குகிறது. அதில் வழிய வழியப் பஞ்சாமிர்தம். டெல்லி வெயிலில் அது நுரைத்துப் பொங்கி, விளிம்பில் வடிந்து, கீழே தரையில் சொட்டி, சொட்டின இடத்தில் ஈ மொய்த்துக் கிடந்தது. கொட்டாங்குச்சியில் தொடங்கிக் கம்பி நெடுக ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோடு ஊர்ந்து வந்து என் பக்கம் இருந்த கூட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

உள்ளே என்ன இருந்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இறகு முளைக்காத உடம்பு அவற்றுக்கு. கண்கூடத் திறக்கவில்லை. நான் பார்த்துவிட்டுக் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். வாயைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால் என் மகள் ஸ்டூல் போட்டு ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. இறக்கிவிட்டபோது அவள் கை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது.

சத்தம் கேட்டு அவர் பனியனோடு வெளியே வந்தார். கொட்டாங்குச்சியைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், புரிந்துவிட்டது.

"தேன் குடிக்கிற குருவின்னு பாப்பா சொல்லுச்சுங்க அம்மிணி. பஞ்சாமிர்தத்துலயும் தேன் இருக்குதே. சாமி பிரசாதம், நல்லதுதானே பண்ணும்னு வச்சேன்."

"அண்ணாச்சி, அது குருவி. பழனியாண்டவர் இல்ல," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆளா நான். "உங்க வீட்டு நாத்தத்த உங்க வீட்டோட வச்சிக்கிடக் கூடாதா?"

அவர் கொட்டாங்குச்சியை அவிழ்த்தார். எறும்பு அவர் முழங்கை வரை ஏறியது. தட்டிவிடாமல் அப்படியே உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

அன்று முழுக்கத் தாய் வந்து வந்து போனது. அலகில் ஒரு சிலந்தி. கூட்டு வாசலில் படபடத்துவிட்டுக் கம்பியில் உட்காரும், மறுபடி போகும். சிலந்தியைத் தானும் தின்னவில்லை, போடவும் இல்லை. சேவல், அந்தச் சோம்பேறிச் சேவல்கூட ஒரு புழுவைக் கவ்விக்கொண்டு வந்து நின்றது. குஞ்சு பொரித்த பிறகு அதுவும் ஊட்டுகிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு அந்தப் பறவைகள் மேல், எறும்பின் மேல், பக்கத்து வீட்டுக்காரர் மேல், புதுமனை புகுவிழா வைத்தவர்கள் மேல் எல்லாம் வெறுப்பு வெறுப்பாக வந்தது. கூட்டை வெட்டி எடுத்துக் கீழே வேப்பமரத்தடியில் புதைத்தோம். பால்கனியை வெந்நீர் விட்டுக் கழுவினேன். வீட்டில் ஒரு மூலை விடாமல் ஒட்டடை அடித்தேன்.

என் மகள் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். படியில் பார்த்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு இறங்கிவிடுவாள். அவரும் நிற்பதில்லை. ராத்திரி படுக்கும்போது தினமும் ஒரே கேள்வி, "அம்மா, அது ஃபிர் ஸே, திரும்ப வருமா?" தெரியாது என்பேன். கழுவிக் கழுவிப் பளிச்சென்று கிடந்தது பால்கனி. ஒரு நூலாம்படை இல்லை. எதை எடுத்துக் கட்டும்?

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் அவர் வந்து மணி அடித்தார். சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு ஏதோ அலுவலகத்துக்கு வந்தவர் மாதிரி நின்றார். "உங்க ஒட்டடைக் குச்சியக் கொஞ்சம் குடுங்க அம்மிணி. இன்னைக்கு வீட்டச் சுத்தம் பண்ணிப்புடறேன். நீங்க சொன்னது சரிதானுங்க," என்றார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி, மறைப்பானேன். கம்பை எடுத்துக்கொண்டு, எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று காட்டுவதற்காக அவர் பின்னாலேயே போனேன். முதல் முறையாக அந்த வீட்டுக்குள் கால் வைத்தேன். செருப்பைக் கழற்றியிருக்க வேண்டாம் என்று ரெண்டாவது அடியிலேயே தெரிந்துவிட்டது. தரை காலில் ஒட்டியது. சோபாவில் மடிக்காத துணி மலை மாதிரி கிடந்தது. பால்கனிக்கு வலைக்கதவு, அதற்கு வெளியே ஒட்டினாற்போலப் போன வருஷத்துக் கூலர், இரும்பு ஸ்டாண்டின் மேல். அதன் மேலே, பின்னே, காலுக்கிடையே எல்லாம் ஒட்டடை. கறுத்து, கனத்து, திரித்திரியாகத் தொங்கியது. எத்தனை காலத்து ஒட்டடையோ. என் கை தானாகவே கம்பைத் தூக்கிவிட்டது.

அப்போதுதான் அது வந்தது. மங்கிய பழுப்பு முதுகு. கூலர் மேல் உட்கார்ந்து ஒரு திரியை அலகில் பற்றி இழுத்தது, தலையைச் சுழற்றிச் சுழற்றிச் சுருட்டிக்கொண்டது. பறந்து போகவில்லை. கூலருக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே தொங்கிய ஒரு அறுந்த வயரில் போய் ஒட்டியது. அங்கே ஏற்கெனவே ஒரு விரல் நீளத்துக்குக் குப்பை சேர்ந்திருந்தது.

கம்பைக் கீழே இறக்கினேன்.

"ஒட்டடை அடிக்காதீங்க அண்ணாச்சி," என்றேன்.

அவருக்கு நான் கேலி செய்கிறேனோ என்று சந்தேகம். நான் கையைக் காட்டினேன். பார்த்தார். பார்த்துவிட்டு, மெதுவாக, சத்தம் வராமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு என் பிழைப்பு அந்த வீட்டில் ஆனது. என் பால்கனியிலிருந்து பார்த்தால் கூலர் மறைக்கும். அவர் முன்னறையில், வலைக்கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால்தான் கூடு தெரியும், கை நீட்டினால் தொடும் தூரம். தினமும் மகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் தரையில் உட்காருவாள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எப்போதோ சிந்திய சாம்பார் அதன் கையில் காய்ந்திருக்கும். அசைந்தால் கிறீச்சென்று கத்தும், கத்தினால் பறவை ஓடிவிடும். ஆகவே முதுகு ஒட்டாமல், மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பேன். அவர் டீ வேண்டுமா என்று கேட்பார். இப்போதுதான் குடித்தேன் என்பேன். அவர் வீட்டு டம்ளர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே டீக் கறை அடுக்கடுக்காக இருக்கும். என் மகள் அவர் பக்கம் திரும்பவே மாட்டாள்.

முட்டை வந்தது. மே மாதமும் வந்தது. டெல்லி மே மாதம் என்றால் தெரியும், மத்தியானக் காற்று அடுப்பு வாயைத் திறந்தாற்போல முகத்தில் அடிக்கும். கூலரைப் போட்டால் ஸ்டாண்டே அதிரும், கூடு நிற்காது. ஆகவே அவர் கூலர் போடவில்லை. அதன் தட்டிகளில் புதுப் புல் மாற்ற வந்த ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். ஈரத் துண்டை மேலே போட்டுக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் படுத்தார். காலையில் கண் சிவந்திருக்கும், கழுத்தெல்லாம் வேர்க்குரு. எங்கள் வீட்டில் வந்து படுங்கள் என்று என் கணவர் சொல்லிப் பார்த்தார். எறும்பு வந்துச்சுன்னா பாக்க ஆள் வேணுமே என்றார்.

எறும்புக்கு அவர் காவல் இருந்த அழகைச் சொல்ல வேண்டும். ஸ்டாண்டின் நாலு காலுக்கும் அடியில் நாலு கிண்ணம், கிண்ணத்தில் தண்ணீர், ஊரில் மாவு டப்பாவுக்குத் தண்ணீர் கட்டுவது போல. தண்ணீர் வெயிலில் வற்றும், ஊற்றிக்கொண்டே இருப்பார். ஜன்னல் கம்பியின் இரண்டு முனையிலும் வேப்பெண்ணெய்த் துணி சுற்றியிருந்தார். அறை முழுக்க வேப்பெண்ணெய் நாற்றம், அதோடு வெங்காயத் தோல், அதோடு ஈரத் துண்டு. எறும்புச் சாக்பீஸ் போடலாமே என்று என் கணவர் கேட்டதற்கு, அந்த விஷத்துல நடந்த பூச்சிய அது புள்ளைக்கு ஊட்டினா என்னங்க ஆவும் என்று கேட்டார். சொல்லும்போது என் மகளைப் பார்த்துத்தான் சொன்னார். அவள் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குஞ்சு பொரித்தது. மறுபடி மஞ்சள் வாய்கள். இந்த முறை தாயும் சேவலும் மாறி மாறிப் புழுவும் சிலந்தியும் கொண்டுவந்தன. என் கண்ணெதிரே, ஒரு முழ தூரத்தில், அந்த எச்சப் பை வெளியே வந்தது. தாய் அதை அலகில் வாங்கிக்கொண்டு பறந்தது. வகுப்பில் நான் சொன்னது வேறு, நேரில் பார்ப்பது வேறு. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனாலும் அந்த வீட்டில் அன்றாடம் சுத்தம் செய்யப்பட்ட ஒரே இடம் அந்தக் கூடுதான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இறகு முளைத்தது. கூடு உள்ளிருந்து பிதுங்கத் தொடங்கியது. தாய் புழுவோடு வந்து ஊட்டாமல் சற்றுத் தள்ளிக் கம்பியில் உட்கார்ந்து கூப்பிட ஆரம்பித்தது. இன்றைக்கா நாளைக்கா என்று இருந்தது. என் மகள் பள்ளிக்கு விடுமுறை விட்ட முதல் நாள், பல் தேய்த்த கையோடு அங்கே போய் உட்கார்ந்துகொண்டாள். நானும் போனேன். அன்றைக்கு அவர் டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. அடுக்களைக்குப் போய் டீ போட்டுக்கொண்டு வந்து, நான் வேண்டாம் என்பதற்குள் டம்ளரை என் கையில் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

குனிந்து பார்த்தேன். விளிம்பில் பழைய கறை. டீயின் மேல் ஆடை. ஆடையின் மேல் ஒரு சிவப்பு எறும்பு, காலை உதைத்துக்கொண்டு மிதந்தது. சர்க்கரை டப்பாவிலிருந்து வந்திருக்கும். எழுந்து போய்க் கொட்ட வேண்டும் என்று நிமிர்ந்தபோது குஞ்சு ஒன்று கூட்டு வாசலில் முழுதாக வெளியே வந்து உட்கார்ந்திருந்தது. குட்டை வால், வாயோரத்தில் இன்னும் மஞ்சள். என் மகள் என் முழங்காலை அழுத்தினாள். நாற்காலி கத்தும். நான் அசையவில்லை.

அது ஒருமுறை கீழே பார்த்தது. வயரிலிருந்து விழுந்ததா பறந்ததா என்று தெரியவில்லை, சரிந்து போய் எதிர் மரத்துக் கிளையில் எப்படியோ தொற்றிக்கொண்டது. மற்றது அது போனதும் ஒரு நொடிகூட யோசிக்காமல் பின்னாலேயே போய்விட்டது. தாய் கத்திக்கொண்டே மரத்துக்குப் பறந்தது. வெறும் கூடு ஆடிக்கொண்டிருந்தது.

என் மகள் எழுந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. என்னைத் தாண்டி, பின்னால் நின்றவரிடம் போய் அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"அங்கிள், பார்த்தீங்களா? ரெண்டும் பறந்துடுச்சு," என்றாள்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். வேர்க்குரு படர்ந்த கழுத்தைத் துண்டால் துடைத்தார், பிறகு அதே துண்டால் முகத்தையும் துடைத்தார். அது எத்தனை நாள் துவைக்காத துண்டு என்று எனக்குத் தெரியும்.

நான் டம்ளருக்குள் விரலை விட்டு எறும்பை எடுத்துப் போட்டேன். டீயைக் குடித்தேன்.